முழங்கால் உயரம்

பாத்துங்க சார், கால் படாம. பைக்குள்ள கண்ணாடி இருக்கு. மீன் தொட்டிதான், ஆனா மீனெல்லாம் கிடையாது. மடியிலயே வெச்சுக்கறேன், உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே? முன்னாடி சீட் காலியாத்தான் இருந்துச்சு. நான்தான் இங்க பின்னாடி வந்துட்டேன். கொஞ்சம் மெதுவாப் பேசறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. காது கேக்குதுல்ல?

சார்கிட்ட தீப்பெட்டி இருக்குமா? இல்லையா. பரவால்ல, பரவால்ல. சும்மாதான் கேட்டேன். இல்லாததும் நல்லதுதான்.

எம்பேரு கலியமூர்த்தி. அந்தா பின்னாடி தெரியுது பாருங்க சிமெண்ட் ஃபேக்டரி, புகைக்கூண்டுக்குப் பக்கத்துல வெள்ளையா ரெண்டு டவர் நிக்குதுல்ல, அதுதான் எங்க பிளான்ட். புகையைப் பிடிக்கற பிளான்ட். சிரிக்காதீங்க, நிஜமாவே புகையைப் பிடிக்கறதுதான் வேலை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டா சிமெண்ட் வரும், கூடவே கரியமில வாயு வண்டி வண்டியா வரும். அதை வானத்துக்கு விடாம முதல் டவருக்குள்ள திருப்பி, மேலேருந்து ஒரு மருந்துத் தண்ணிய மழை மாதிரி ஊத்துவோம். அது கரியமில வாயுவை மட்டும் பிடிச்சுக்கும். ரெண்டாவது டவர்ல அந்தத் தண்ணியைக் காய்ச்சினா, பிடிச்சதை விட்டுடும். விட்டதை அமுக்கி, குளிர வெச்சு, டேங்குல அடைச்சிருவோம். அவ்வளவுதான். கல்யாண வீட்ல கலர் குடிப்பீங்கல்ல, மூக்குல ஏறுமே, அது எங்க புகையா இருந்தாலும் இருக்கும். மீதிய சிமெண்ட் கல்லுக்குள்ளயே ஏத்தி இறுக வெச்சிருவோம். "வானத்துக்குப் போறதை உங்க வீட்டுச் சுவத்துக்குள்ள வெக்கறோம்"னு சொல்லுவேன். காலேஜ் பிள்ளைங்க கை தட்டும்.

ஆமா, நான்தான் சொல்லுவேன். பிளான்ட் பாக்க வர்றவங்களுக்கெல்லாம் விளக்கம் சொல்றது நான். பட்டப்படிப்புப் படிச்ச இஞ்சினியருங்க நாலு பேர் இருக்காங்க, அவங்க சொன்னா யாருக்கும் புரியாது. மேனேஜர் கிருபாகரன் சாரே சொல்லுவாரு, "கூப்பிடுய்யா கலியமூர்த்திய"ன்னு. இந்தத் தொட்டி அதுக்குத்தான். உள்ள அஞ்சு மெழுகுவத்தி, படி மாதிரி ஒண்ணுக்கு மேல ஒண்ணு. அடியில ஆப்ப சோடா போட்டு, மேல வினிகரை ஊத்தினா பொங்கும். அந்தப் பொங்கல்ல வர்றதும் கரியமில வாயுதான். கண்ணுக்குத் தெரியாது. ஆனா பாருங்க, அடி மெழுகுவத்தி முதல்ல அணையும். அப்புறம் ரெண்டாவது. அப்புறம் மூணாவது. உச்சியில இருக்கறது கடைசி வரைக்கும் நல்லா எரிஞ்சிட்டே இருக்கும். "பாத்தீங்களா, இது காத்தை விட கனம், கீழதான் படுக்கும். வாசனை இல்ல, நிறம் இல்ல. அதனாலதான் எங்க அலாரத்தை முழங்கால் உயரத்துல வெச்சிருக்கோம்." இதான் நான் சொல்றது. நாலு வருஷமாச் சொன்னேன். ஒரு வார்த்தை மாறாது.

இப்ப என்னை அந்த வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க சார். அதுதான் எனக்கு வருத்தம். நான் என்ன பண்ணேன்?

சரி, அதை விடுங்க. முதல்லேர்ந்து சொல்றேன். கம்ப்ரசர் ஷெட்டுக்குள்ள ஒரு குழி இருக்கு. ஆள் உயரம் இருக்கும், இரும்பு ஏணி வெச்சிருக்கும். கழிவுத் தண்ணியெல்லாம் அதுல வந்து விழும், ஒரு பம்ப் அதை வெளிய தள்ளும். பம்ப்புல தூசி அடைச்சுக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவை யாராவது இறங்கி எடுத்து விடணும். குழிக்குப் பக்கத்துலதான் அந்த அலாரம். கேஸ் கசிஞ்சா கத்தும். கத்தினா கம்ப்ரசர் தானா நின்னுடும், எல்லாரும் வேலையைப் போட்டுட்டு வேப்பமரத்தடிக்குப் போய் வரிசையா நிக்கணும், தலை எண்ணணும், மேல ரிப்போர்ட் போகணும். திரும்ப ஓட்டறதுக்கு மூணு மணி நேரம்.

தினம் காலையில ஷெட்டைக் கழுவி விடுவோம். கழுவற தண்ணி அலாரத்து மேல தெறிக்கும். முழங்கால் உயரம்ல, தெறிக்காம என்ன பண்ணும்? தெறிச்சா கத்தும். கேஸும் இருக்காது ஒண்ணும் இருக்காது, சும்மா கத்தும். ஒரு மாசத்துல ஒம்போது தடவை கத்திச்சு சார். ஒரு நாள் வெளிநாட்டுக்காரங்க வந்திருக்காங்க, நான் தொட்டியில மெழுகுவத்தி ஏத்திட்டிருக்கேன், அது கீ கீன்னு கத்துது. வந்தவங்க பயந்து ஓடறாங்க. மானம் போச்சு. அன்னிக்குச் சாயங்காலம் மேனேஜர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "கலியமூர்த்தி, அடுத்த தடவை சத்தம் வரக்கூடாது"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. எப்படின்னு சொல்லல. நானும் கேக்கல.

மறுநாள் ரெண்டு கிளாம்ப் எடுத்துட்டுப் போனேன். அலாரத்தைக் கழட்டி, மேல, பைப்புக்குப் பின்னாடி, என் தலைக்கு ஒரு சாண் மேல மாட்டினேன். பத்து நிமிஷ வேலை. அதுக்கப்புறம் ஒரு தடவை கூடக் கத்தல. மேனேஜர் வந்து பாத்தாரு. மேல பாத்தாரான்னு தெரியல. "இப்ப நல்லாருக்குய்யா"ன்னாரு.

தப்புன்னு சொல்றீங்களா? எனக்கே தோணுது, நீங்க அப்படி நினைப்பீங்கன்னு. சத்தம் நிக்கணும்னு சொன்னாங்க, நின்னுச்சு. அதுக்கப்புறமும் வர்றவங்ககிட்ட நான் முழங்கால் உயரம்னுதான் சொன்னேன். பொய் சொல்லணும்னு இல்ல சார். நாலு வருஷமா சொன்ன பேச்சு, வாய் அதுபாட்டுக்குச் சொல்லிடும்.

நான் வேலை பாத்துப் பாத்து வளத்த பிளான்ட் அது. வாசல்ல ஒரு பலகை இருக்கும், 'விபத்தில்லா நாட்கள்'னு. தினம் காலையில நான்தான் நம்பரை மாத்துவேன். நான் சொல்லப் போற அன்னிக்கு அறுநூத்துப் பதினொண்ணு.

ஜெயசீலன் எங்க பிளான்ட்டுக்கு வந்தது அலாரத்தை மேல மாட்டினதுக்கப்புறம். அவன் சூளைப் பக்கம் வேலை பாத்தவன். முப்பத்தி நாலு வயசு, கட்டையா, நல்ல உடம்பு. எந்நேரமும் எதையாவது மென்னுட்டே இருப்பான், பொட்டுக்கடலை, பட்டாணி இப்படி. சட்டைப் பையில கை விட்டா எனக்கும் ஒரு பிடி வரும். "அண்ணே, இந்தாங்க"ம்பான். வேணாம்னாலும் கையில திணிப்பான். புதுசா வர்றவங்களுக்குப் பயிற்சி குடுக்கறதும் நான்தான். தொட்டியை வெச்சு மெழுகுவத்தியைக் காட்டினேன். ஒவ்வொண்ணா அணையறதைப் பாத்துட்டு வாயைப் பொளந்துட்டான். "அப்ப கீழதாண்ணே ஆபத்து"ன்னான். ஆமாண்டான்னேன். வீட்டுக்குப் போய் அவன் பொண்ணுக்கு ஒரு குண்டான்ல செஞ்சு காட்டியிருக்கான், அவன் பொண்டாட்டி பாத்திருக்கு. அது வேற கதை, அதுக்கு அப்புறம் வரேன்.

பயந்த சுபாவம் சார் அவன். கோழைன்னு சொல்லல, ஜாக்கிரதை. குழியில இறங்கறப்போ எல்லாம் ஒரு பழக்கம் வெச்சிருந்தான். முதல் படியில கால வெச்சிட்டு நின்னு, "அண்ணே, அலாரம் சும்மா இருக்கா?"ன்னு கேப்பான். "சும்மாத்தாண்டா இருக்கு"ன்னு நான் சொல்லணும். சொன்னாத்தான் இறங்குவான். கம்ப்ரசர் சத்தத்துல காது கேக்காதுல்ல, அதனால என்னைக் கேப்பான். மத்தவங்க சிரிப்பாங்க. "என்னடா, மாமியார் வீட்டுக்குள்ள போறாப்புல அனுமதி கேக்கற"ம்பாங்க. அவன் கண்டுக்க மாட்டான்.

அன்னிக்கும் கேட்டான்.

காலையில பத்து மணி இருக்கும். பம்ப் அடைச்சுக்கிச்சு. முதல் படியில நின்னுட்டு, "அண்ணே, அலாரம் சும்மா இருக்கா?" நான் மேல பாத்தேன். "சும்மாத்தாண்டா இருக்கு"ன்னேன். பொய் சொல்லல சார். சும்மாதான் இருந்துச்சு. நீங்களே வந்து பாத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீங்க.

நான் ரீடிங் எழுதப் போயிட்டேன். வந்து பாக்கறேன், பம்ப் ஓடல, அவன் குரலும் இல்ல. எட்டிப் பாத்தேன். மண்டி போட்டாப்புல இருந்தான், தலை பம்ப்பு மேல சாஞ்சிருந்துச்சு. தூங்கறவன் மாதிரிதான் இருந்தான். இறங்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். இறங்கினா ரெண்டாவது ஆளும் போவான், அதுவும் நான் சொல்லிக் குடுக்கறதுதான். ஓடிப் போய் காத்து சிலிண்டரை மாட்டிட்டு வந்து, நான் இறங்கி கயிறு கட்டி, பசங்க நாலு பேரு இழுத்து மேல கொண்டாந்தோம். வாயோரத்துல ஒரு பட்டாணி இருந்துச்சு. அதை நான் எடுத்துப் போட்டேன். எதுக்கு எடுத்தேன்னு தெரியல.

ஆம்புலன்ஸ் போச்சு. எல்லாரும் அதுகூட வாசல் வரைக்கும் ஓடினாங்க. ஷெட்ல நான் மட்டும்தான். எனக்கு ஒண்ணுமே தோணல சார். அழுகை வரல. பயம்கூட வரல. ஸ்பானரை எடுத்தேன், ரெண்டு கிளாம்ப்பையும் கழட்டினேன், அலாரத்தை அது இருந்த இடத்துல திரும்ப மாட்டினேன். முழங்கால் உயரத்துல. ஒரு பொருளை அதோட இடத்துல வெக்கறது தப்பா? கேஸ் இன்னும் தரையில கிடந்திருக்கும் போல. மாட்டின அடுத்த நிமிஷம் கத்த ஆரம்பிச்சிருச்சு. யாருமே இல்லாத ஷெட்ல அது பாட்டுக்குக் கத்துது, நான் பக்கத்துல நிக்கறேன். வேப்பமரத்தடிக்குப் போகணும்னு விதி. போய் நின்னேன். நான் ஒருத்தன்தான். தலை எண்ணிக்கை ஒண்ணு.

அப்புறம் ரிஜிஸ்டர்ல எழுதணும்ல. இறங்கின நேரத்தை எழுதற வழக்கம் இல்ல, தூக்கின நேரம் பதினொண்ணுன்னு எழுதினேன். அந்த அவசரத்துல யாரு கடிகாரத்தைப் பாத்தா? ஆனா அவனைத் தூக்கினப்புறம் அலாரம் கத்தினது கம்ப்யூட்டர்ல தானாப் பதிஞ்சிருக்கு, பத்து நாப்பத்தி ரெண்டு. அன்னிக்குச் சாயங்காலமே கம்பெனி விசாரணைக் கமிட்டி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு எழுதிட்டாங்க: அலாரம் ஒலித்தும் பொருட்படுத்தாமல் பணியாளர் குழியில் இறங்கியுள்ளார். கவனக்குறைவு. நான் அப்படிச் சொல்லவே இல்ல சார். ஒரு வார்த்தை சொல்லல. அவங்களா எழுதிக்கிட்டாங்க. "அலாரம் எங்க இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. "முழங்கால் உயரத்துல"ன்னேன். போய் அளந்து பாத்தாங்க. சரியா இருந்துச்சு.

அவன் தப்புன்னு ஆனதால பலகைல விபத்துக் கணக்குல சேக்கல. மறுநாள் காலையில போனேன், அறுநூத்துப் பதினொண்ணை எடுத்துட்டு அறுநூத்துப் பன்னெண்டு மாட்டினேன். கைப் பழக்கம். பின்னாடி கான்ட்ராக்ட் பசங்க நின்னு பாத்துட்டிருந்தாங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும், அலாரம் மேல இருந்தது. புதுசா வந்த அவன்கிட்ட அவங்களும் சொல்லல, நானும் சொல்லல. கமிட்டி அவங்களை விசாரிக்கல. அன்னியிலேர்ந்து ஒருத்தனும் எங்கூட டீ குடிக்கறதில்ல. நான் போய் நின்னா கிளாஸை வெச்சிட்டு எழுந்து போயிடறானுங்க. அப்புறம்தான் மேனேஜர், "கொஞ்ச நாளைக்கு விளக்கம் சொல்ற வேலை வேணாம்யா"ன்னுட்டாரு. அவரு என் மூஞ்சியைக் கூடப் பாக்கல. பேசறதுக்கு நல்லா வருது, அதைப் பிடுங்கிட்டாங்களேன்னு ஆத்திரமா இருந்துச்சு. ஆத்திரம் கூட இல்ல. என்னமோ மாதிரி இருந்துச்சு.

நீங்க எங்க இறங்கணும்? அதுக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் முன்னாடியே, கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்.

ஜெயசீலன் பொண்டாட்டி பேரு ரோஸ்லின். அது விடல சார். கவனக்குறைவுன்னு எழுதிட்டா வாரிசு வேலை கிடையாது. புருஷன் செத்தா பொண்டாட்டிக்கு கேன்டீன்லயோ ஆபீஸ்லயோ ஒரு வேலை குடுப்பாங்க, அது போச்சு. ஆனா அந்தப் பொண்ணு வேலையைப் பத்திப் பேசல. "வேலை வருது, வரல. அலாரம் கத்துறப்போ அவரு இறங்கினாருன்னு எழுதியிருக்காங்களே, அதை அழிக்கணும்"னு நிக்குது. "காலையில கேஸ் அடுப்புக் குழாயை மூணு தடவை மூடிப் பாத்துட்டுக் கிளம்பற மனுஷன்ணே, அவரா இறங்குவாரு?"ன்னு கேக்குது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதிப் போட்டிருக்கு. அவரு இன்னிக்கு கலெக்டர் ஆபீஸ்ல வெச்சு விசாரிக்கறாரு. கம்பெனி ஆளுங்க தனியாக் கார்ல வந்திருப்பாங்க.

அந்தப் பொண்ணு போன வாரம் வீட்டுக்கு வந்துச்சு. நான் கதவைத் திறக்கறதுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்திருச்சு. "அண்ணே, எனக்குச் சாட்சின்னு நீங்க ஒருத்தர்தான். அவரு உங்களைக் கேக்காம இறங்க மாட்டாருன்னு உங்களுக்குத்தான் தெரியும். அந்த மெழுகுவத்திப் பெட்டியை எடுத்துட்டு வாங்க. கேஸ் கீழ கிடந்தா முழங்கால்ல இருக்கற அலாரம் முதல்ல கத்தியிருக்கணும்ல? கத்தியிருந்தா அவரு இறங்கியிருக்க மாட்டாரு, அப்ப இறங்கறப்போ அது கத்தல. ஏன் கத்தலன்னு ஆபீசர் கேக்கட்டும். நீங்க காட்டினா அவருக்குப் புரிஞ்சிரும்ணே." எவ்வளவு கெட்டிக்காரப் பொண்ணு பாருங்க. எட்டாவதுதான் படிச்சிருக்கு. குண்டான்ல ஒரு தடவை பாத்ததை வெச்சு முக்கால்வாசிக் கணக்கைப் போட்டிருச்சு. மீதிக் கால்வாசி எங்கிட்ட இருக்கு.

வரேன்னு சொல்லிட்டேன். எப்படி வரலன்னு சொல்றது? எம்பொண்டாட்டி உள்ளேருந்து பாத்துட்டிருந்தா. அந்தப் பொண்ணு போனப்புறம் சோறு போட்டா, சாப்பிட்டேன். சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இறங்குது சார். தூக்கமும் வருது. அதைத்தான் என்னன்னு தெரியல.

எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. இன்னிக்குப் போய் தலைக்கு மேல மாட்டினது நான், திரும்பக் கீழ இறக்கினதும் நான்னு சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். செத்தவன் திரும்பி வரப் போறானா? அந்தப் பொண்ணுக்கு வேற ஏதாவது வழி பண்ணலாம், யாரையாவது பாத்துச் சொல்லலாம். இப்படி எல்லாம் நினைச்சுட்டுத்தான் காலையில பையைக் கட்டினேன். தொட்டி வெச்சேன், மெழுகுவத்தி அஞ்சு வெச்சேன், சோடா வெச்சேன், வினிகர் பாட்டிலைத் துணியில சுத்தி வெச்சேன். எல்லாம் ஒழுங்கா வெச்சேன். நாலு வருஷப் பழக்கம்ல. பஸ் ஏறினப்புறம் பாக்கறேன், தீப்பெட்டி இல்ல. மறந்துட்டேன். வேணும்னு விட்டுட்டு வரல. மறதிதான். ஆபீஸ்ல யாருகிட்ட தீப்பெட்டி இருக்கும்? இருக்காது. பத்த வெக்க முடியலன்னா காட்ட முடியாது. காட்டலன்னா ஆபீசரும் ஒண்ணும் கேக்க மாட்டாரு. நான் போனது போனதாவும் ஆச்சு. உங்ககிட்டயும் இல்லைன்னீங்க பாருங்க, அப்பவே எனக்கு மனசு கொஞ்சம் லேசாயிடுச்சு.

ஏன் பின்னாடி வந்து உக்காந்தேன்னு கேட்டீங்கல்ல. கேக்கலையா? சரி, சொல்றேன். முன்னாடி டிரைவருக்கு இந்தப் பக்கம், மூணாவது சீட்ல, பச்சைச் சேலை. தெரியுதா? அதுதான் ரோஸ்லின். ஒரே ஊரு, ஒரே பஸ்ஸு, வேற எப்படி வர்றது? பொம்பளைங்களுக்கு இந்த பஸ்ல டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அது கண்டக்டரைக் கூப்பிட்டு எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் எடுத்து, கையில குடுத்துட்டு, "இங்க உக்காருங்கண்ணே"ன்னு பக்கத்துச் சீட்டைக் காட்டிச்சு. நான் காத்து வேணும்னு சொல்லிட்டு இங்க வந்துட்டேன். ஏறினதிலேருந்து நாலு தடவை திரும்பிப் பாத்திருச்சு, பெட்டி பத்திரமா இருக்கான்னு.

வந்திருச்சா ஸ்டாப்பு? இது அதுக்கு முந்தினதுன்னு நினைச்சேன். ஆமா, இதுதான். எழுந்திருச்சிருச்சு பாருங்க. இங்கதான் வருது. இருங்க சார், ஒரு நிமிஷம்.

"ஆமாம்மா, எடுத்துட்டேன். எல்லாம் இருக்கு. கனமெல்லாம் இல்ல. நீ பிடிக்க வேணாம், உடைஞ்சிரும். இல்ல... தீப்பெட்டிதான் ஒண்ணு மறந்துட்டேன்மா. வீட்லயே வெச்சிட்டேன் போல."

பாத்தீங்களா சார். அது கைப்பையில வெச்சிருக்காம். ரெண்டு பெட்டி. ஒண்ணு நமுத்துப் போயிருந்தா இன்னொண்ணு இருக்கட்டும்னு எடுத்தாந்திருக்கு.

"வரேம்மா. நீ இறங்கு, நான் பின்னாடியே வரேன்."

சரி சார், வரேன். காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்குங்க. கண்ணாடி.